கட்டுக்கல் காட்டிய வழி

2017 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு, மத்சுயே நகரின் கிதஹோரிப் பகுதியில், இசோமுரா தகுமாவின் தேநீர்க் குடிலிலிருந்து நான்கு விருந்தாளிகள் இடைவேளைக்காகத் தோட்டத்தில் இறங்கினார்கள். அவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சுக்கு ஒருவரும் வந்து சேரவில்லை.

நால்வரில் நானும் ஒருவன். கடைசி விருந்தாளி. எல்லோரும் உள்ளே போன பிறகு கதவை விருந்தளிப்பவருக்குக் கேட்கிற மாதிரி சாத்துவது கடைசி ஆளின் வேலை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பின்னறையில் இருப்பவர் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று என்று தெரிந்துகொள்வார். அதைத் தவிர அன்று எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

பொறுப்பு முழுக்கத் தகுமாவின் தலையில் இருந்தது. முப்பத்தெட்டு வயதுத் தோட்டக்காரர். அதுவரை பிறர் வீட்டுப் பைன் மரங்களைக் கத்தரித்தும், வேலி கட்டியும், பனிக்கு முன்னால் கிளைகளுக்குக் கயிறு போட்டும் பிழைத்துவந்தவர். அந்த ஆண்டுப் புயலில் மலையடிவாரத்து மடாலயத்தின் தேநீர்த் தோட்டம் மண்சரிவில் போய்விட்டது. அதைப் புதிதாக அமைத்துத்தரக் கியோத்தோவிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்திருந்தது. தகுமாவும் தன் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மடாலயத் தலைவி மியோரென், எழுபத்து நான்கு வயதுத் துறவி, சுருளைப் பிரிக்கவே இல்லை.

"காகிதத்துல எல்லாத் தோட்டமும் அழகாத்தான் இருக்கும். உங்க தோட்டத்துக்கு நான் வர்றேன். ஒரு வாய் டீ குடுங்க, அப்புறம் பேசுவோம்" என்றார்.

தகுமா தன் வீட்டுக்குப் பின்னால் தன் கையாலேயே போட்ட தோட்டம் அது. அதில் நடந்து, அந்தக் குடிலில் உட்கார்ந்து, அந்த அம்மாள் திருப்தியோடு எழுந்து போனால் மடாலயத்து வேலை கிடைக்கும். இல்லையென்றால் மறுபடியும் பைன் மரமும் கத்தரிக்கோலும். அழைக்கப்பட்ட எங்கள் எல்லோருக்குமே இது தெரியும். அதனால் காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்பதுபோல் எங்களுக்குள் ஒரு படபடப்பு இருந்தது.

சாப்பாடு அருமையாக அமைந்தது. இரண்டாவது விருந்தாளி ககெயாமா பீங்கான் வியாபாரி, வாயை மூடத் தெரியாதவர். அவரே கிண்ணத்தைப் பார்த்தும் பேசாமல் சாப்பிட்டார். மூன்றாவது விருந்தாளி ஹிராதா டீச்சர் ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் கண்ணெதிரே தகுமா தரையடுப்பில் கரியை அடுக்கியிருந்தார். தேநீர் விருந்தில் அந்தக் கரிதான் கடிகாரம். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அது பற்றி ஏற வேண்டும். நாங்கள் தோட்டத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது உச்சத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கெட்டித் தேநீர். ஒரே கிண்ணத்தில் எல்லோரும் குடிப்பது, விருந்தின் உயிரே அதுதான். அந்தச் சமயம் தவறினால் தண்ணீரின் சூடு தளர்ந்துவிடும். அதன் பிறகு புதுக் கரி போட்டு ஒப்பேற்றுவதெல்லாம் விருந்து கெட்டுவிட்டது என்று வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம்.

இனிப்பைத் தின்றுவிட்டு, சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து, அங்கே வைத்திருந்த தோட்டத்துச் செருப்புகளை மாட்டிக்கொண்டோம். முன்னால் மியோரென், பின்னால் ககெயாமா, ஹிராதா டீச்சர், நான். காலையில் வந்தது முன்வாசல் பக்கம். பெஞ்சு இருந்த பக்கத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. தோட்டம் புதிதாக நனைக்கப்பட்டு, நடைகற்கள் கறுத்து மின்னின. பத்துப் பன்னிரண்டு கற்கள் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கப் பாதையின் முதல் கல்லின்மேல் ஒரு கட்டுக்கல் இருந்தது.

உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கல். கறுத்த பனைநார்க் கயிற்றை அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். இந்த வழி இல்லை, வேறு பக்கம் போ என்று அர்த்தம். ஒரு குழந்தைகூட அதைத் தாண்டிவிடலாம். ஆனால் தேநீர் பழகியவர் யாரும் தாண்ட மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் ஓடுவார்கள். மியோரென் நிற்கக்கூட இல்லை, வலதுபக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம்.

அந்தப் பாதை கொஞ்சம் வளைந்து, காமெலியாச் செடிகளுக்கு நடுவே இறங்கி, ஒரு மூங்கில் படலில் முடிந்தது. படல் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மூடிய கதவு என்றால் இன்னும் தயாராகவில்லை. ஒரு கை அளவு திறந்த கதவு என்றால் எல்லாம் தயார், வாருங்கள். மியோரென் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே கண்ட காட்சியை நான் மறக்க மாட்டேன். மண் முற்றம். குவியலாக, இலையோடு பிடுங்கிய முள்ளங்கிகள். கொடியில் மூன்று உள்பனியன்கள். தலைகீழாகக் கவிழ்த்த ரப்பர் பூட்ஸ். சுவரோரமாக, பச்சை ரெக்சின் உறை கிழிந்த ஒரு பழைய பஸ் சீட். அதன் பக்கத்தில் சிகரெட் துண்டுகள் நிறைந்த ஒரு தகர மீன் டப்பா. முள்ளங்கிகளுக்கு நடுவே, தலையில் துண்டு கட்டிய ஒரு முதியவர் உட்கார்ந்து முள்ளங்கிகளை இரண்டிரண்டாக முடிந்துகொண்டிருந்தார்.

பெஞ்சு என்றால் வைக்கோல் திண்டும், புகைபிடிப்பவருக்கான புகைத்தட்டும் இருக்கும். இங்கே பஸ் சீட்டும் தகர டப்பாவும். ககெயாமா மூச்சை இழுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்துவிட்டது. என் காதில் கிசுகிசுத்தார்:

"ஆளு சாதாரண ஆளு இல்லைய்யா. புகைத்தட்டுக்குப் பதிலா மீன் டப்பா. கியோத்தோக்காரனுக்கு இந்தத் துணிச்சல் வருமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓட்டை வாளியைப் பூச்சாடியாக வைப்பதும், மீனவர் கூடையைக் கரிக்கூடையாக வைப்பதும் எங்கள் உலகில் பெரிய ரசனை. இங்கே ஒருவர் ஒரு முழு முற்றத்தையே அப்படி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் பாசியும் பனித்துளியும், இந்தப் பக்கம் முள்ளங்கியும் பனியனும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹிராதா டீச்சர் பனியன்களின் வரிசையைத் தலையைச் சாய்த்து ரசித்தார். மூன்றில் ஒன்று மட்டும் சற்று நீலமாக இருப்பதை அவர்தான் முதலில் கவனித்தார்.

மியோரென் முதியவரைக் குனிந்து வணங்கினார். அவரும் துண்டை அவிழ்த்துவிட்டுத் திருப்பி வணங்கினார். நாங்கள் பஸ் சீட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். நான்கு பேருக்குச் சற்று நெருக்கம்.

முதியவர் பெயர் வகெபே. நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர், தகுமாவின் பக்கத்து வீட்டுக்காரர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. குப்பை கொட்டிவிட்டு வந்தவர் படலைச் சரியாகச் சாத்தவில்லை, அவ்வளவுதான். பட்டுக் கிமோனோவில் நான்கு பேர் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவருக்குத் திகைப்பாகத்தான் இருந்ததாம். ஆனால் வந்தவர்களைப் பார்த்து ஏன் வந்தீர்கள் என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. வந்து உட்கார்ந்தவர்களுக்கு எதுவோ குடிக்கக் கொடுப்பதுதான் வழக்கம். வகெபே உள்ளே போய் ஒரு பிளாஸ்கும், ஒன்றோடொன்று பொருந்தாத நான்கு கோப்பைகளும், போன வருஷத்து முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுவந்தார்.

கெட்டித் தேநீருக்கு முன்னால் இடைவேளையில் எதையும் குடிப்பதில்லை. ககெயாமா என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் மியோரெனைப் பார்த்தார். மியோரென் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துக் குடித்தார். பிறகு நாங்களும் குடித்தோம். ககெயாமா வழக்கப்படி கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தார். ஒரு டயர் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார்.

பிறகு சேகண்டிக்காகக் காத்திருந்தோம். உள்ளே எல்லாம் தயாரானதும் விருந்தளிப்பவர் சேகண்டி அடிப்பார். அதுவரை விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. காத்திருந்தோம். வகெபே முள்ளங்கி முடிந்தார். நேரம் போனது. சேகண்டி வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நடந்ததைத் தகுமாவும் அவர் தங்கை சனயேயும் பின்னர் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள்.

தகுமா சுவரில் இருந்த எழுத்துச் சுருளை எடுத்துவிட்டு, மூங்கில் குழாயில் ஒற்றை வெள்ளை மொட்டை வைத்து, பாயைப் பெருக்கி, தண்ணீர்ச் சாடியை வைத்திருந்தார். கரி முழுதும் சிவந்து, இரும்புப் பானை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அவர் விரும்பிய அதே இரைச்சல். பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்துவரச் சொல்லிச் சனயேயை அனுப்பினார். அவள் மூங்கில் தட்டியின் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணா, பெஞ்சுல யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா?"

"திண்டு போட்டது போட்டபடி இருக்கு. ஒருத்தரும் உக்காரவே இல்ல."

"பாத்ரூம் போயிருப்பாங்க."

"நாலு பேருமா?"

இடைவேளையில் சொல்லாமல் எழுந்து போய்விட்ட விருந்தாளிகளைப் பற்றி எங்கள் ஊரில் ஒரே ஒரு கதை உண்டு. அந்த விருந்தை அளித்தவர் அதன் பிறகு தேநீர்க் கிண்ணத்தைத் தொடவில்லை. சனயே முன்வாசலுக்கு ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"வந்தப்போ கழட்டுன செருப்பெல்லாம் இருக்கு. ஆளுங்களத்தான் காணோம். பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"தேநீர்த் தோட்டத்துல நின்னு மடத்துத் தலைவியப் பேரு சொல்லிக் கூவப்போறியா? அதுக்கு நாமளே இப்பவே கடையக் கட்டிடலாம்."

செருப்பு இருக்கிறது என்றால் வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் கையகலத் தோட்டத்தில் நான்கு பேர் எங்கே மறைய முடியும்? அந்த அம்மாள் ஒருவேளை மதிலோரம், குப்பைக்குழி, வடிகால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் சேகண்டி அடித்து அவரை அவசரப்படுத்துவது தப்பு. மேலும் சேகண்டியை ஒரு சுற்றுதான் அடிக்கலாம். கேட்காத இடத்தில் அவர்கள் இருந்தால் அது வீண், இரண்டாவது முறை கிடையாது. தகுமா சேகண்டியின் முன்னால் கொட்டுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கரியின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. பானையின் இரைச்சலில் ஒரு விரிசல் விழுந்தது.

"அண்ணா, தண்ணி மாறுது" என்றாள் சனயே.

"கேக்குது."

"அடிக்கப்போறியா, இல்லையா?"

"அவங்க எங்க இருந்தாலும் இருக்கட்டும். தண்ணி தயாராயிடுச்சு. தயாரானா அடிக்கணும்."

அடித்தார்.

முதல் அடி எங்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வந்தது. பெரியது ஒன்று. பிறகு சிறியது. நாங்கள் நால்வரும் சட்டென்று பஸ் சீட்டிலிருந்து இறங்கி மண்ணில் குந்தினோம், சேகண்டியை அப்படித்தான் கேட்க வேண்டும். வகெபேயும் முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். நாங்கள் குந்தினோம், அதனால் அவரும் குந்தினார். பெரியது, சிறியது. நடுத்தரம் இரண்டு. நான் ககெயாமாவைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையைத் திருப்பி, வேலியைப் பார்த்து, முற்றத்தைப் பார்த்து, பனியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அந்தக் கணம்தான் விளங்கியது. சேகண்டி வேலிக்கு அப்பால் இருக்கிறது. கடைசி அடி, பெரியது. அது அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

"ஐயா, இது உங்க வீடுங்களா?" என்று கேட்டார் மியோரென்.

"ஆமாம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து."

"முள்ளங்கி நல்லா வந்திருக்கு."

"இந்த வருஷம் மழை சரியாப் பெஞ்சுது. நீங்க... இங்கதான் வரணும்னு வந்தீங்களா? கேக்கக் கூடாதுன்னுதான் கேக்கல."

"இல்ல. ஆனா வந்தது நல்லதாப் போச்சு. இப்ப நீங்க எங்களோட வாங்க. உங்க கையால குடிச்சிட்டு உங்கள விட்டுட்டுப் போறது மரியாதை இல்ல."

வகெபே தன் காலைப் பார்த்தார். "இந்தக் கோலத்துலயா? ரப்பர் பூட்ஸோட?"

"வாசல்ல எல்லாரும் கழட்டிட்டுத்தான் உள்ள போவோம்."

ககெயாமா வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீச்சர் கண்ணைத் துடைத்தார். ஐந்து பேரும் வரிசையாகப் படலைக் கடந்தோம், கிட்டத்தட்ட ஓட்டம். ஆனால் ஓடக் கூடாது. நடைகற்களில் ஓடவும் முடியாது. பாதை பிரியும் இடத்தில் மியோரென் நின்றார். உள்ளே கரி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கட்டுக்கல்லை உற்றுப் பார்த்தார். அதற்குப் பின்னால் பாசி ஓரிடத்தில் பெயர்ந்து, யாரோ அமுக்கி வைத்த விரல் தடங்களோடு கிடந்தது. அதையும் பார்த்தார். பிறகு குடிலின் முன்னிருந்த தண்ணீர்த் தொட்டியில் கையையும் வாயையும் கழுவிக்கொண்டு சின்னக் கதவுக்குள் தவழ்ந்தார்.

நான் வகெபேக்கு முன்னால் நுழைந்தேன். கடைசி ஆள் அவர்தான். கதவைச் சத்தம் கேட்கிற மாதிரி சாத்துங்கள் என்று சொன்னேன். வாழ்நாளெல்லாம் பஸ் கதவைச் சாத்தியவர் அவர். குடிலே அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தைப் பின்னறையில் கேட்டபோது தனக்கு அழுகை வந்துவிட்டதாகத் தகுமா சொன்னார். கிண்ணத்தோடு உள்ளே வந்தார். ஐந்து பேர். ஐந்தாவது ஆள் பக்கத்து வீட்டு வகெபே, சாக்ஸில் மண்ணோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. தகுமாவின் கை ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான். வணங்கிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினார். சிமிழில் நான்கு பேருக்கான பொடிதான் இருந்தது. முழுவதையும் கொட்டினார். ஐந்தாவது ஆளுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டார். பானை இன்னும் இரைந்துகொண்டிருந்தது, மெலிந்த குரலில். ஆவி எழுந்தது. பச்சை மணம் அறை முழுக்கப் பரவியது.

மியோரென் மூன்று வாய் குடித்தார். தண்ணீரின் சூடு எப்படி என்று தகுமா முறைப்படி கேட்டார்.

"சூடு இருக்கு. டீ கொஞ்சம் தண்ணி" என்றார் மியோரென்.

கிண்ணம் கைமாறி வகெபேயிடம் வந்தது. அவர் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இதே டீயைத்தான் தினமும் மூன்று மணிக்குத் தான் குடிப்பதாகவும், ஆனால் இவ்வளவு மெனக்கெடுவதில்லை என்றும் சொன்னார்.

பிறகு முதல் விருந்தாளி கேள்வி கேட்கும் நேரம். டீயின் பெயர், அரைத்த கடை, இனிப்பு செய்தவர், எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார் மியோரென். தகுமா வரிசையாகப் பதில் சொன்னார். கடைசியில்,

"பெஞ்சுக்குப் போற வழிய எதுக்காக அடைச்சீங்க?" என்றார்.

தகுமா விழித்தார். அவர் அந்தக் கல்லை வைத்தது வலதுபக்கப் பாதையில். அவர் வீடும் வகெபேயின் வீடும் முன்பு ஒரே வீடு. பழைய நடைகற்கள் இன்னும் படல்வரை போகின்றன. அதை அடைக்கத்தான் அந்தக் கல். அது எப்படி இடம் மாறியது என்று அவருக்குத் தெரியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னறைக் கதவு நகர்ந்து திறந்தது. சனயே, ஈரக் கையோடு, தரையில் நெற்றி படக் குனிந்திருந்தாள். உதவிக்கு இருப்பவர் விருந்தாளிகளின் முன்னால் வரக் கூடாது.

"நான்தாம்மா மாத்துனேன். நீங்க சாப்பிட்டுட்டு இருந்தப்போ காக்கா வந்து பாசியக் கிளறிடுச்சு. அமுக்கி வெச்சிட்டு, அது உக்கார்ற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதேன்னு கல்ல எடுத்து அங்க வெச்சேன். சூப்பு பொங்கிடுச்சு, ஓடிட்டேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாது."

தகுமா தங்கையைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார். "கல்லு என்னோடது. தோட்டமும் என்னோடது. தப்பும் என்னோடதுதான்" என்றார்.

மியோரென் இருவரையும் பார்த்தார். பிறகு, நம்ப முடியாத விஷயம், தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"என் மடத்துல, பாசிய மிதிக்காதீங்கன்னு நாலு மொழியில பலகை வெச்சிருக்கேன். கயிறு கட்டியிருக்கேன். ஒரு பய நிக்கறதில்ல. இங்க ஒரு கூழாங்கல்லு. நாலு பேரு வாயத் திறக்காம அடுத்த வீட்டுல போய் உக்காந்து, பனியன ரசிச்சிட்டு வந்திருக்கோம்."

"அந்த நீலப் பனியன் என் மருமகனோடது" என்றார் வகெபே.

அதன் பிறகு அந்தக் குடிலில் முறை என்று எதுவும் மிஞ்சவில்லை. ககெயாமா டயர் கம்பெனிக் கோப்பையை விலைக்குக் கேட்டார். வகெபே கொடுக்க மறுத்தார். சனயே உள்ளே கூப்பிடப்பட்டு, மெல்லிய தேநீர் எல்லோருக்கும் இன்னொரு சுற்று வந்தது. மியோரென் கிளம்பும்போது, வலதுபக்கப் பாதையில் மறுபடியும் ஒருமுறை, இந்தத் தடவை தனியாக, படல்வரை நடந்துவிட்டு வந்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகுமாவும் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் மடாலயத்தின் குழு கூடியது. தேநீர்த் தோட்டத்து வேலை தகுமாவுக்கும், சரிந்த மதிலைக் கட்டும் வேலை கியோத்தோ நிறுவனத்துக்கும் கொடுக்கப்பட்டன. தோட்ட வேலை 2018 பிப்ரவரியில் தொடங்கியது.